அறிவியல் பாடத் தெரிவு: இந்திய உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் ஒரு வரலாற்று நோக்கு (1854 – 2023)

முன்னுரை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் வினா, ‘எந்தக் குரூப் கிடைத்தது?’ என்பதாகும். ‘எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தாய்?’ என்று கேட்பவர் அரியர். பாடத்திட்ட ஆவணங்கள் ‘விருப்பப்பாடம்’ என்று வழங்குவதை மக்கள் வழக்கு ‘கிடைப்பது’ என்னும் வினையால் சுட்டுகிறது. மாணவரின் விருப்பம் என்று ஏட்டில் எழுதப்பட்டது, நடைமுறையில் மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பங்கிடப்படும் பொருளாக மாறியிருப்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. பாடத்தொகுதிக்கு அடையாளமாக இடப்பட்ட எண்ணும் ‘முதல் குரூப்’ என்னும் வழக்கில் தரவரிசையைக் குறிப்பதாகிவிட்டது.

இந்திய உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் எப்போது தெரிவுக்குரிய பாடமாயிற்று? எவ்வயதில் அத்தெரிவு கோரப்பட்டது? யாருக்கு அது திறந்தும் யாருக்கு அது மூடியும் இருந்தது? இவ்வினாக்களுக்கு அரசுக் குழுக்களின் பரிந்துரைகள் வழியாகவும் அவை நடைமுறையில் அடைந்த விளைவுகள் வழியாகவும் விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. இந்தியா முழுமையும் எல்லையாகக் கொள்ளப்படினும், தமிழோடு தொடர்புடைய செய்திகள் உரிய இடங்களில் சுட்டப்பெறுகின்றன.

நுழைவுத் தேர்வின் நிழலில் பள்ளி

மேலை அறிவியலைக் கற்பிக்க வேண்டும் என்னும் கோரிக்கை ஆங்கில அரசின் கொள்கையாக உருப்பெறும் முன்னரே இந்தியரிடமிருந்து எழுந்துள்ளது. கல்கத்தாவில் 1817-இல் இந்துக் கல்லூரி நிறுவப்பட்டது. 1823 டிசம்பரில் இராசாராம் மோகன்ராய் தலைமை ஆளுநர் ஆம்கர்ஸ்ட்டுக்கு எழுதிய மடலில், புதிய வடமொழிக் கல்லூரிக்குச் செலவிடக் கருதிய தொகையைக் கணிதம், இயற்கைத் தத்துவம், வேதியியல், உடற்கூற்றியல் ஆகியவற்றைக் கற்பிக்கச் செலவிடுமாறு வேண்டினார். 1835-இல் மெக்காலே குறிப்பின் வழியே வென்றது ஆங்கிலக் கல்வியாகும். அறிவியற் கல்வி அதனுடன் அதே அளவில் வளர்ந்தது எனக் கூறவியலாது.

1854-ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் தோன்றின. இவை தொடக்கத்தில் தாமே கற்பிக்கும் நிறுவனங்களாக அமையாமல் தேர்வு நடத்தும் நிறுவனங்களாகவே இயங்கின. பல்கலைக்கழகம் நடத்திய நுழைவுத் தேர்வே பள்ளியின் இறுதித் தேர்வாகவும் அமைந்தது. இதனால் பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும் நிலை உருவாயிற்று. மொழியும் இலக்கியமும் வரலாறும் கணிதமும் முதன்மை பெற, ஆய்வகம் வேண்டும் பாடங்கள் ஓரத்தில் நின்றன. ஆய்வகத்திற்குப் பணமும் பயின்ற ஆசிரியரும் வேண்டும். இலக்கியப் பாடத்திற்கு நூலும் கரும்பலகையும் போதும் என்னும் பொருளியற் காரணமும் இதற்கு உண்டு.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் வெளியே அறிவியலை வளர்க்கும் முயற்சிகள் இக்காலத்தில் தோன்றியமை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பின்னாளில் 1907 முதல் அரசு நிதித்துறை அலுவலரான சி.வி. இராமன் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆய்வு செய்த இடம் இதுவே.

1882: இரு வழிகளின் தோற்றம்

உயர்நிலைப் பள்ளியில் இருவேறு வழிகள் அமைய வேண்டும் என்னும் கருத்தை முதன்முதலாகத் தெளிவாக முன்வைத்தது 1882-இல் அமைக்கப்பட்ட இந்தியக் கல்விக் குழுவாகும். ஹண்டர் குழு என வழங்கும் இக்குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு இட்டுச்செல்லும் ஒரு பிரிவும், வணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் மற்றொரு பிரிவும் அமையப் பரிந்துரைத்தது. இவை கல்வி வரலாற்றில் ‘ஏ’ பாடப்பிரிவு, ‘பி’ பாடப்பிரிவு எனப்படுகின்றன.

பரிந்துரை வரவேற்புப் பெற்றபோதிலும் இரண்டாம் பிரிவு வேரூன்றவில்லை. அரசுப் பணிக்கும் கல்லூரிக் கல்விக்கும் நுழைவுத் தேர்வே திறவுகோலாக இருந்தமையால், பெற்றோர் அப்பிரிவை விட்டு விலகும் துணிவு பெறவில்லை. இரு பிரிவுகளும் தம்முள் நிகரானவை எனக் குழு கருதியிருக்கலாம். அவற்றின் முடிவில் கிடைத்த வாய்ப்புகள் நிகராக இல்லை. பிற்காலத் திட்டங்கள் பலவற்றின் தோல்விக்கு இந்நிகழ்ச்சி முன்மாதிரியாக அமைந்தது எனலாம்.

கலை, அறிவியல் என்னும் இன்றைய பிரிவினை முதலில் உருப்பெற்ற களம் கல்லூரியாகும். கர்சன் காலத்தில் இயற்றப்பட்ட 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து புதிய விதிகள் வகுக்கப்பட்டபோது, கல்கத்தாவில் எஃப்.ஏ. என்னும் முதற்கலைத் தேர்வு மறைந்து, ஐ.ஏ., ஐ.எஸ்சி. என்னும் இரு இடைநிலைத் தேர்வுகள் வழக்கிற்கு வந்தன. ஒருவர் ‘கலை மாணவர்’ அல்லது ‘அறிவியல் மாணவர்’ என்று அடையாளப்படுத்தப்படுவது இதனால் வலுப்பெற்றது. இப்பிரிவினை கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கிவந்த கதையே பின்வரும் எழுபதாண்டு வரலாற்றின் சாரமாகும்.

அவ்விறக்கத்திற்கு வழிவகுத்தது 1917 முதல் 1919 வரை பணியாற்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழுவாகும். சாட்லர் தலைமையிலான இக்குழு, பள்ளிக் கல்விக்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் இடையிலான எல்லைக்கோடு நுழைவுத் தேர்வாக அன்றி இடைநிலைத் தேர்வாக இருத்தல் வேண்டும் என்றது. கலை, அறிவியல், மருத்துவம், பொறியியல், ஆசிரியப்பயிற்சி முதலியவற்றுக்கான பாடங்களைக் கற்பிக்கும் தனி இடைநிலைக் கல்லூரிகளையும் அவற்றை ஆளத் தனி வாரியத்தையும் அது பரிந்துரைத்தது. அதன் பயனாக இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியில் 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்நிலை, இடைநிலைக் கல்வி வாரியம் அமைந்தது. ‘இண்டர்மீடியட்’ என்னும் சொல் அம்மாநிலத்தில் இன்றும் பன்னிரண்டாம் வகுப்பைக் குறிப்பது இதன் தொடர்ச்சியாகும்.

ஏழு தொகுதிகள்

விடுதலைக்கு முந்திய இறுதிப் பத்தாண்டில் இருவேறு சிந்தனைகள் காணப்பட்டன. 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவாகக் கொண்டு, பொது அறிவியலை அனைவருக்கும் உரிய பாடமாக அமைத்தது. 1944-ஆம் ஆண்டின் சார்ஜெண்ட் திட்டம், ஏட்டுக்கல்வி உயர்நிலைப் பள்ளி, தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி என இருவகைப் பள்ளிகளைக் கருதியது. முன்னது அறிவியலைப் பொதுவாக்க முனைய, பின்னது பள்ளியையே வகைப்படுத்த முனைந்தது.

இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர முயன்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவப் பேரறிஞர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அவர் தலைமையில் 1952 செப்டம்பரில் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு 1953-இல் தன் அறிக்கையை அளித்தது. மொழிகள், சமூக அறிவியல், கணிதம் உள்ளிட்ட பொது அறிவியல், ஒரு கைத்தொழில் ஆகியன அனைவர்க்கும் பொதுவாகும். இவற்றோடு மாணவர் ஏழு தொகுதிகளுள் ஒன்றைத் தெரிந்து, அதிலிருந்து மூன்று பாடங்களைப் பயில வேண்டும். மானுடவியல் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்பன அவ்வேழு தொகுதிகளாகும். இத்தொகுதிகள் பலவற்றையும் ஒருங்கே கற்பிக்கப் பல்நோக்குப் பள்ளிகள் தோற்றுவிக்கப்பட்டன.

இத்திட்டத்தின் உள்ளக்கிடக்கை உயர்ந்தது. மாணவர் அனைவரும் ஒரே ஆற்றல் உடையவர் அல்லர். உழவும் இசையும் பொறியும் கல்வியின் மதிப்புமிக்க கூறுகளே என்பதை ஓர் அரசு ஆவணம் ஏற்றுக்கொண்டமை பாராட்டத்தக்கது. ஆயினும் மூன்று இடர்கள் அதனைத் தளரச் செய்தன. முதலாவது, ஏழு தொகுதிகளையும் கற்பிக்கத்தக்க ஆய்வகமும் பட்டறையும் நிலமும் ஆசிரியரும் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. இக்குறையைக் களைய 1963-இல் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் தொடங்கப்பெற்றபோது, அறிக்கை வெளிவந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. இரண்டாவது, எட்டாம் வகுப்பை முடித்த, பதின்மூன்று அல்லது பதினான்கு வயதுச் சிறார் தம் வாழ்க்கைத் துறையைத் தெரிய வேண்டியிருந்தது. மூன்றாவது, மருத்துவமும் பொறியியலும் அறிவியல் தொகுதியினர்க்கே உரியன என்னும் சேர்க்கை விதிகள் ஏழு தொகுதிகளையும் சமநிலையில் நிற்கவிடவில்லை.

விடுதலைக்குப் பின் நிறுவப்பட்ட நிறுவனங்கள் மூன்றாம் காரணத்திற்கு மேலும் வலுச்சேர்த்தன. 1951-இல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், 1956-இல் தில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் தொடங்கின. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1963-இல் தில்லியில் சோதனை முறையில் நடத்தி, 1964-இல் நாடெங்கும் விரித்த தேசியத் திறனறித் திட்டம் அறிவியல் மாணவர்க்கே உரியதாக இருந்தது. அது பிற துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது 1970-களின் பிற்பகுதியிலேயே ஆகும். திறன் என்றால் அறிவியல் திறன் என்னும் பொதுக்கருத்து நிலைபெறுவதில் இத்தகைய திட்டங்களுக்குப் பங்குண்டு.

தமிழ்நாட்டில் பதினோராண்டுப் பள்ளிக்கல்வி நிலவிய காலத்தில் பொதுக்கணிதம், ‘காம்போசிட் மேத்ஸ்’ என்று மாணவர் வழங்கிய விரிநிலைக் கணிதம் என்னும் இரு வழிகள் இருந்தன. முன்னதைப் பயின்றோர் கல்லூரியில் கணிதம் சார்ந்த துறைகளுக்குச் செல்வது அரிதாயிற்று. பள்ளியில் எடுத்த ஒரு முடிவு பின்னர்த் திருத்தவியலாததாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அறிவியல்

ஏழாவது தொகுதியாகிய மனையியல் தனித்து நோக்கத்தக்கது. அனைத்திந்திய மகளிர் மாநாட்டின் முயற்சியால் 1932-இல் தில்லியில் தோன்றிய லேடி இர்வின் கல்லூரி இத்துறையை உயர்கல்வி நிலைக்கு உயர்த்தியது. உணவூட்டவியல், நலவாழ்வு, துணியியல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றை அறிவியல் அடிப்படையில் கற்பிக்கும் இத்துறை தன்னளவில் மதிப்புடையதேயாகும். அது பெண்களுக்கு மட்டும் உரியதாகவும், பெண்களுக்கு ஏனைய அறிவியலின் மாற்றாகவும் ஆக்கப்பட்டதே சிக்கலாயிற்று. பெண்கள் பள்ளிகள் பலவற்றில் இயற்பியல், வேதியியல் ஆய்வகங்கள் அமைக்கப்படாமைக்கும் கணித ஆசிரியர் அமர்த்தப்படாமைக்கும் மனையியல் ஒரு சமாதானமாக அமைந்தது.

தேசியப் பெண்கல்வி மன்றம் ஹன்சா மேத்தா தலைமையில் அமைத்த குழு இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. 1960-களின் தொடக்கத்தில் தன் ஆய்வை முடித்த அக்குழு, ஆண், பெண் என்னும் அடிப்படையில் பாடத்திட்டத்தை வேறுபடுத்துவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. ஆண்களுக்குரியன, பெண்களுக்குரியன எனப் பாடங்களை வகுத்தது சமூக வழக்கமேயன்றி இயற்கை அன்று என்பது அதன் கருத்தாகும். அடுத்து வந்த கோத்தாரி குழு இதனை ஏற்றுக்கொண்டமை இந்தியப் பெண்கல்வி வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம்.

பத்தாண்டுப் பொதுக்கல்வி

1964 ஜூலையில் அமைக்கப்பெற்று 1966 ஜூனில் அறிக்கை அளித்த கல்விக் குழுவின் தலைவர் தௌலத் சிங் கோத்தாரி ஓர் இயற்பியலாளர் ஆவார். அறிவியல் தொகுதியை மேலும் விரிவாக்குவார் என அவரிடம் எதிர்பார்த்திருக்கலாம். குழு தெரிவு செய்த வழியோ வேறாகும். முதல் பத்தாண்டுப் பள்ளிக்கல்வியில் தொகுதிப் பிரிவே கூடாது; அறிவியலும் கணிதமும் அனைத்து மாணவர்க்கும் கட்டாயப் பாடங்களாதல் வேண்டும்; சிறப்புப் பாடத் தெரிவு பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பத்து, இரண்டு, மூன்று என்னும் ஆண்டமைப்பை ஏற்றது.

முதலியார் குழு தெரிவைப் பெருக்குவதன் வழியே நீதி காண முயன்றது. கோத்தாரி குழு தெரிவைத் தள்ளிவைப்பதன் வழியே நீதி காண முயன்றது. எட்டாம் வகுப்புடன் அறிவியலைக் கைவிட நேர்ந்த கிராமப்புற மாணவரும் பெண்களும் இதனால் மேலும் இரண்டாண்டுகள் அறிவியல் பயிலும் உரிமை பெற்றனர். சுருங்கக் கூறின், இந்தியப் பள்ளிகளில் அறிவியற் கல்வி பரவலாவதற்கு விருப்பப்பாடத் திட்டத்தைவிடக் கட்டாயப்பாடத் திட்டமே பெருந்துணை புரிந்துள்ளது. முரண்போலத் தோன்றும் இவ்வுண்மை வரலாற்றின் வழியே உறுதிப்படுகிறது.

கட்டாயப்பாடம் என்பதால் மட்டும் கற்றல் நிகழ்ந்துவிடாது என்பதும் விரைவில் உணரப்பட்டது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், எளிய பொருள்களைக்கொண்டு மாணவரே சோதனை செய்து கற்கும் முறையைக் கைக்கொண்டது. நடுநிலை வகுப்புகளுக்குரிய அத்திட்டம் முப்பதாண்டுகள் நடைபெற்று 2002-இல் அரசால் நிறுத்தப்பட்டது. செலவு மிகுந்த ஆய்வகம் இன்றியும் கிராமப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கலாம் என்பதை மெய்ப்பித்த அம்முயற்சி, மேல்வகுப்புத் தெரிவு கீழ்வகுப்பு அனுபவத்தைப் பொறுத்தது என்பதையும் உணர்த்திற்று.

மேனிலை வகுப்பும் வாயிலும்

புதிய ஆண்டமைப்பு மாநிலத்திற்கு மாநிலம் வெவ்வேறு காலங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலை வகுப்புகள் தொடங்கப்பட்டு, கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு மறைந்தது. கேரளத்தில் கல்லூரிகளிலிருந்த ‘பிரீ டிகிரி’ வகுப்பு படிப்படியாக விலக்கப்பட்டு, 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே முற்றிலும் பள்ளிக்கு மாறியது. கருநாடகத்தில் ‘பி.யு.சி.’ என்னும் பழம்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. தெலுங்கு மாநிலங்களில் ‘இண்டர்மீடியட்’ தனிக் கல்லூரிகளில் நடைபெறுகிறது. பாடத்தொகுதிகளின் முதலெழுத்துகளால் அமைந்த ‘எம்.பி.சி.’, ‘பை.பி.சி.’ என்பன அங்கு வீட்டுச் சொற்களாகிவிட்டன. பெயர் பலவாயினும் அமைப்பு ஒன்றே. பழைய கல்லூரி இடைநிலைத் தேர்வின் பிரிவினை மேனிலை வகுப்பில் குடிபுகுந்துகொண்டது.

மேனிலைக் கல்வியை மறுஆய்வு செய்ய அமைந்த தேசியக் குழுவின் தலைவரும் தமிழ்நாட்டவரே. பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசையா 1978-இல் அளித்த அறிக்கை, பொதுக்கல்வி, தொழிற்கல்வி என்னும் இருபகுதிகளுக்கும் இடையே சுவர் எழுப்பாமல், மாணவர் இரண்டிலிருந்தும் பாடங்களைத் தெரிய இடமளிக்கக் கருதியது. கோத்தாரி குழு, மேனிலை மாணவரில் பாதிப்பேர் தொழிற்கல்வியை நாடுவர் என்று 1986-க்கு இலக்கு வகுத்திருந்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அவ்விலக்கை 1990-க்குள் 10 விழுக்காடு, 1995-க்குள் 25 விழுக்காடு எனக் குறைத்தது. 1992-இல் கொள்கை திருத்தப்பட்டபோது அதே விழுக்காடுகள் முறையே 1995-க்கும் 2000-த்திற்கும் தள்ளிவைக்கப்பட்டன. இலக்கின் எண் குறைவதும் ஆண்டு நீள்வதும் 1882-ஆம் ஆண்டின் ‘பி’ பிரிவு எதிர்கொண்ட சிக்கல் தீரவில்லை என்பதைப் புலப்படுத்துகின்றன.

மறுபுறம் அறிவியல் தொகுதி மேலும் மேலும் நுழைவாயிலாகியது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயிலாதவர் மருத்துவம் பயில இயலாத நிலை இருந்தது. தொழிற்கல்லூரிகள் பெருகிய 1990-களில் இயற்பியல், வேதியியல், கணிதத் தொகுதியின் தேவை பன்மடங்காயிற்று. பள்ளிகள் இடங்களைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசையில் பங்கிட்டன. இதனால் அறிவியலில் ஆர்வமுடைய குறைந்த மதிப்பெண் மாணவர் அத்தொகுதியை இழந்தார். வரலாற்றிலோ இலக்கியத்திலோ ஆர்வமுடைய நிறைந்த மதிப்பெண் மாணவர் அறிவியல் தொகுதிக்குத் தள்ளப்பட்டார். இருவர் இழப்பும் கல்வியின் இழப்பே. கலைத்தொகுதி ‘வேறொன்றும் கிடைக்காதவர்’ இடமாகக் கருதப்பட்டதன் விளைவை, கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் நன்கு உணர்ந்துள்ளன.

கலைச்சொல்லும் மொழிப்பாடமும்

அறிவியலைத் தெரிய வேண்டுமாயின் அது மாணவர் அறிந்த மொழியில் கிடைத்தல் வேண்டும். இவ்வுண்மையைத் தமிழர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனத் தனி அமைப்பும் இதழும் தொடங்கினர். 1934-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியை மேற்கொண்டது. சுவாமி விபுலாநந்தர் முதலிய அறிஞர்கள் பங்குகொண்ட அப்பணியின் பயனாக 1938-இல் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி வலுப்பெற்ற காலமும் அதுவே. பௌதிகம் இயற்பியலாகவும், இரசாயனம் வேதியியலாகவும், விஞ்ஞானம் அறிவியலாகவும் பின்னர்ப் பாடநூல்களில் மாறின. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முன்னைய சொற்களின் தொடர்ச்சி இன்றும் காணப்படுகிறது. இச்சொல்லாக்கம் அறிவியல் தொகுதியைத் தமிழ்வழி மாணவர்க்குத் திறந்த திறவுகோலாகும்.

தமிழ்நாட்டிற்கு வெளியே நிலைமை வேறு. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் மேனிலை மாணவர் எத்தொகுதியைச் சேர்ந்தவராயினும் இரு மொழிப்பாடங்களைப் பயில்கின்றனர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளிலோ பதினொன்றாம் வகுப்பில் இந்தியோ ஆங்கிலமோ ஒன்றே கட்டாயமாக இருந்துவந்துள்ளது. மற்றொரு மொழியை எடுக்க விதி தடையாக இல்லை. எனினும் அறிவியல் மாணவரின் கால அட்டவணையில் நான்கு அறிவியல், கணிதப் பாடங்களோ கணினியியலோ அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன. தில்லி முதலிய நகரங்களில் பத்தாம் வகுப்புவரை தமிழ் பயின்ற மாணவர் அறிவியல் தொகுதியில் சேர்ந்ததும் தமிழை விடுவது இவ்வாறே நிகழ்கிறது. அறிவியலா, தமிழா என்னும் தெரிவை எக்குழுவும் முன்வைக்கவில்லை. முதலியார் குழு மொழிகளை அனைவர்க்கும் பொதுவாகவே வைத்தது. கால அட்டவணையே அத்தெரிவை உருவாக்கியுள்ளது. வெளிமாநிலப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் எதிர்காலம் இதனுடன் நேரடித் தொடர்புடையது.

அண்மைய மாற்றங்கள்

கடந்த சில ஆண்டுகளில் தொகுதிச் சுவரைத் தளர்த்தும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அடிப்படை நிலை, செந்தர நிலை என இரு தேர்வுகளை அமைத்தது. மேலே கணிதம் பயில விரும்புவோர்க்குப் பின்னது வகுக்கப்பட்டது. 2020 ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும், ஏட்டுக்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் இடையே இறுகிய பிரிவினை கூடாது என்றது. 2023-ஆம் ஆண்டின் பள்ளிக்கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மேனிலை மாணவர் ஒரே தொகுதிக்குள் அடங்காமல் வெவ்வேறு பாடக் குழுக்களிலிருந்து பாடங்களைத் தெரியவும், இரு மொழிகளைப் பயிலவும், அவற்றுள் ஒன்றேனும் இந்திய மொழியாக இருக்கவும் வழிகாட்டியது. இயற்பியலும் இசையும் ஒருங்கே பயிலலாம் என்பது ஏட்டளவில் மீண்டும் ஏற்கப்பட்டுள்ளது.

வாயிற்காப்போரும் சிறிது நெகிழ்ந்துள்ளனர். தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தேறியவரும் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதலாம் என அறிவித்தது. பதினைந்து வயதில் விட்ட பாடத்தைப் பின்னர் மீட்டெடுக்க இது இடந்தருகிறது. ஆயினும் 1976-ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாம் அரசமைப்புத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலில் இடம்பெற்றுள்ளமையால், மையக் கொள்கை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரே வகையில் நடைமுறைப்படும் எனக் கொள்ளவியலாது. ஓர் இயற்பியல் ஆசிரியர்கூட இல்லாத மேனிலைப் பள்ளியில் தெரிவுரிமை பொருளற்றது என்பதும் மறக்கத்தக்கதன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கலை, அறிவியல் பிரிவினை மாணவர் உள்ளத்தின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. பல்கலைக்கழக நுழைவு விதிகளாலும் கல்லூரி இடைநிலைத் தேர்வாலும் உருவாகி, 1978-ஐ ஒட்டிய ஆண்டமைப்பு மாற்றத்தால் பள்ளியில் நிலைபெற்றது அது.

இரண்டாவதாக, 1882, 1953, 1986 ஆகிய ஆண்டுகளின் திட்டங்கள் மாற்றுவழிகளை வகுத்தபோதிலும் அவ்வழிகளின் முடிவில் நிகரான வாய்ப்புகளை வைக்கவில்லை. எனவே அவை வேரூன்றாதுபோயின.

மூன்றாவதாக, பெண்களுக்கும் கிராமப்புற மாணவர்க்கும் அறிவியலைக் கொண்டுசேர்த்ததில் தெரிவுரிமையைவிடப் பத்தாம் வகுப்புவரை அறிவியலைப் பொதுவாக்கிய முடிவே மிகுதியும் பயன்பட்டது. எந்தப் புதிய நெகிழ்ச்சியும் இப்பேற்றைக் குறைத்துவிடலாகாது.

நான்காவதாக, மேனிலையில் அறிவியல் தொகுதியின் அமைப்பு, தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழ்ப்பாடத்தின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டகம் கூறும் இந்திய மொழிக்குரிய இடத்தில் தமிழ் அமைய வேண்டுமாயின், பள்ளிகளின் கால அட்டவணை உருவாகும் நிலையிலேயே தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் அதனை வலியுறுத்துதல் வேண்டும்.

பள்ளியில் ஒரு தொகுதி ‘கிடைப்பது’ என்னும் வழக்கு மறைந்து, மாணவர் அதைத் ‘தெரிந்தெடுப்பது’ என்னும் வழக்கு எப்போது இயல்பாகிறதோ, அப்போதே விருப்பப்பாடம் என்னும் சொல் தன் பொருளை அடையும்.